வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சர்: முதல் வேலைக்கு அனுபவம் எங்கிருந்து வரும்?

சரி, அடுத்த கேள்வி. குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். "அண்ணா, எம்.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டேன், பி.எட். இல்லை. பக்கத்தில் ஒரு நர்சரி பள்ளியில் எட்டு மாதம் வேலை பார்த்தேன். வெளிநாட்டில் இங்கிலீஷ் சொல்லித்தர ஆசை. எதைத் திறந்தாலும் நேட்டிவ் ஸ்பீக்கர் (இங்கிலீஷே தாய்மொழியாக உள்ளவர்) வேண்டும், இரண்டு வருட அனுபவம் வேண்டும் என்கிறார்கள். முதல் வேலையே கிடைக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்?"

கோபம் நியாயம்தான்மா. ஆனால் அந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதே. நேட்டிவ் ஸ்பீக்கர் என்பது பல இடங்களில் உன் இங்கிலீஷைப் பற்றிய பேச்சே கிடையாது, அது பாஸ்போர்ட் சமாச்சாரம். தென்கொரியாவை எடுத்துக்கொள். அங்கே இங்கிலீஷ் சொல்லித்தருகிற இ-2 விசா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான். இந்தியாவோடு போட்ட ஒப்பந்தம் 2010இல் நடைமுறைக்கு வந்ததால் நமக்கும் ஒரு சின்ன சந்து உண்டு, அரசுப் பள்ளியில் துணை ஆசிரியராக, ஆனால் அதற்கு ஆசிரியர் தகுதிச் சான்று கேட்பார்கள். சீனாவிலும் பெரும்பாலும் இதே கதைதான். அங்கெல்லாம் மனு போட்டுப் பதில் வராமல் உட்கார்ந்து அழுவதில் அர்த்தமில்லை.

வளைகுடாவில் நம் சிபிஎஸ்இ பள்ளிகள் நிறைய இருக்கின்றன, மாலத்தீவுக்குத் தமிழ்நாட்டு, கேரளா டீச்சர்கள் காலங்காலமாகப் போய் வருகிறார்கள், ஆனால் இரண்டுக்கும் பி.எட். இருந்தால்தான் பேச்சே. அது இல்லாமல் இப்போதே முயற்சி பண்ணக்கூடிய இடம் தாய்லாந்தும் வியட்நாமும். டிகிரி கட்டாயம். தாய்லாந்தில் நம்மைப் போன்றவர்களிடம் டோயிக் என்ற இங்கிலீஷ் தேர்வில் 990க்கு 600 கேட்பது வழக்கம், எம்.ஏ. படித்த உனக்கு அது மலை இல்லை. வியட்நாமில் ஒரு டீச்சிங் சர்டிபிகேட்டும் கேட்பார்கள். ஆன்லைனில் 120 மணி நேர டெஃபல் (TEFL, பிறமொழிக்காரர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரும் பயிற்சி) சர்டிபிகேட் வாங்கிக்கொள், தப்பில்லை, ஆனால் அதில் பலவற்றில் ஒரு மாணவன் முன்னால்கூட நிற்காமலேயே சர்டிபிகேட் கைக்கு வந்துவிடும். செல்டா (CELTA) என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் பயிற்சியில் 6 மணி நேரம் நிஜமான ஆட்களுக்கு வகுப்பு நடத்த வேண்டும், பின்னால் ஒருவர் உட்கார்ந்து குறிப்பு எடுப்பார். அதனால்தான் அதற்கு மதிப்பு, விலையும் அப்படித்தான்.

இப்போது அனுபவத்துக்கு வருகிறேன். அந்த எட்டு மாதம் நீ எப்படி நடத்தினாய்? "கேட்னா என்ன? பூனை" மாதிரி எல்லாமே தமிழில் விளக்கித்தானே? நானும் அப்படித்தான். தாய்லாந்தில் ஒரு பள்ளி வீடியோ காலில் டெமோ கேட்டது. பத்து வயசுப் பிள்ளை, இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது, அவனுக்கு 'எஸ்டர்டே' சொல்லிக்கொடு என்றார்கள். நான் பாஸ்ட் டென்ஸ் என்று ஆரம்பித்து, வெர்ப் பற்றிப் பேசி, மூன்றாவது நிமிஷம், டெமோ பார்த்துக்கொண்டிருந்த பள்ளி அம்மா தேங்க்யூ சொல்லி வீடியோ காலைக் கட் பண்ணிவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை.

அப்புறம் எனக்குக் கை கொடுத்தது நம்ம வேலூர்தான். சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்தில் மாமா ஒருவர் லாட்ஜ் பார்த்துக்கொள்கிறார். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ் என்று வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்கள், அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பெங்காலி தெரியாது. சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து 'பிஃபோர் ஃபுட், ஆஃப்டர் ஃபுட்' சொல்லிக்கொடுத்தேன். காலித் தட்டு ஒன்று, பக்கத்தில் மாத்திரை அட்டை. மாத்திரையை முதலில் வைத்துப் பிறகு தட்டு, தட்டு முதலில் பிறகு மாத்திரை. ஒரு வயதான அம்மா இரண்டாவது தடவையே தட்டை என் கையிலிருந்து பிடுங்கித் தானே மாற்றி வைத்துக் காட்டினார். இடையில் பொது மொழியே இல்லாமல் சொல்லித்தருவது, வெளிநாட்டு வகுப்பு அச்சு அசல் அதுதானே? விஐடியில் படிக்கிற வெளிநாட்டுப் பிள்ளைகள், ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிகளுக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்கள் என்று இதற்கு ஆள் தேடி அலையவே வேண்டாம். வைத்தியத்துக்கு வந்தவர்களிடம் மட்டும் காசு வாங்காதே.

ஆறு மாதம் கழித்து வேறு பள்ளியில் கிட்டத்தட்ட அதே கேள்வி வந்தது. வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் கழற்றி, மேல் தாளைக் கிழித்துத் தோளுக்குப் பின்னால் எறிந்தேன். 'எஸ்டர்டே'. அடியில் இருந்த தாளைத் தட்டி, 'டுடே'. வேலை கிடைத்தது.

ஆனால் அனுபவம் தாளில் இருக்க வேண்டும், வாயில் இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த நர்சரி பள்ளியில் போய் நின்று லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த வயசுப் பிள்ளைகள், இது மூன்றும் கட்டாயம் வேண்டும். பாதியில் நின்றிருந்தால் முகம் கொடுக்க மாட்டார்கள், பரவாயில்லை, நாலு நடை நட. வாரத்தில் மூன்று நாள் டியூஷன் சென்டர் ஒன்றிலும் சேர்ந்துகொள், அங்கேயும் இதே மாதிரி கடிதம் கேள். போனில் பத்து நிமிஷ டெமோ ஒன்று எடு, அவர்கள் சம்மதிக்காமல் யார் முகமும் விழக்கூடாது.

பேப்பர் வேலையையும் இப்போதே ஆரம்பி. புரொவிஷனல் என்கிற தற்காலிகச் சான்றிதழை வைத்துக்கொண்டு சுற்றாதே, சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் டிகிரி சர்டிபிகேட்டையே வாங்கிவிடு, அட்டெஸ்டேஷனுக்கு, அதாவது சான்றிதழ் அசல்தான் என்று அரசு முத்திரை வாங்குவதற்கு, அதுதான் வேண்டும். போலீஸ் கிளியரன்ஸ் பாஸ்போர்ட் சேவா வழியாகக் கிடைக்கும், அது கடைசி நேரத்துக்குப் போதும்.

ஏஜென்ட் விஷயம். "முதலில் டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்றால் எழுந்து வந்துவிடு. அந்த விசாவில் வகுப்பு எடுத்தால் மாட்டுவது ஏஜென்ட் இல்லை, நீ. அரசாங்க லைசென்ஸ் உள்ளவரே 30,000 ரூபாய்க்கு மேல், ஜிஎஸ்டி தனி, கட்டணம் வாங்கக்கூடாது என்பதுதான் விதி. லைசென்ஸ் எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது, அதில் ஒரு பதிவு போட்டு வை. பள்ளிக்கு நேராக மெயில் போட்டால் ஏஜென்டே வேண்டாம், நான் அப்படித்தான் போனேன்.

டெமோவை எடுத்ததும் எனக்கு ஒரு காப்பி அனுப்புமா, பார்த்துச் சொல்கிறேன். ஆனால் அதில் ஒரு தமிழ் வார்த்தை கேட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அடுத்து வாலாஜா தம்பி ஒருவர், ஐஇஎல்டிஎஸ் பற்றி...