உப்புக் காற்றும் பழைய துப்பாக்கியும்

(ராமநாதபுரத்தில் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பழைய போர்த் துப்பாக்கிகளைச் சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று பேசச் சொன்னார்கள். முன்வரிசையில் இருக்கும் தம்பி ஒருவர், நான் மேடை ஏறுமுன்பே, "சார், முதல்ல எதை வாங்கணும்?" என்று கேட்டுவிட்டார். ஒரு பூதக்கண்ணாடி வாங்குங்கள் தம்பி. ஒரு நோட்டு வாங்குங்கள். துப்பாக்கி அப்புறம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், என் மாமா வீடு கீழக்கரைக்குப் பக்கம். கடலிலிருந்து கூப்பிடு தூரம். அந்த வீட்டுப் பரணில் சாக்கில் சுற்றிய துப்பாக்கி ஒன்று கிடந்தது. எனக்கு அப்போது 19 வயது. குழல் முழுக்கச் செம்பழுப்பு. ஆசையோடு கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்கி வந்து இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தேன். விசையை மூடியிருக்கும் இரும்புத் தகட்டில் இதயம் மாதிரி ஒரு சின்னக் குறி இருந்தது. கட்டை விரல் நகத்தைவிடச் சிறியது. அதையும் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தேன். துப்பாக்கி வெள்ளிபோல் மின்னியது. மாமா அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். பல வருடம் கழித்து ஒரு படத்தில் அதே குறியைப் பார்த்தபோதுதான் நான் எதை அழித்தேன் என்று புரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

அது கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. இதயத்தைக் குறுக்குக் கோடுகளால் நான்காகப் பிரித்து, கம்பெனிப் பெயரின் எழுத்துகளைக் கட்டத்துக்கு ஒன்றாகப் போட்டிருப்பார்கள். 1808 வாக்கில் இந்த இதயத்தை விட்டுவிட்டு, நிமிர்ந்து நிற்கும் சிங்கத்துக்கு மாறினார்கள். அப்படியென்றால், இதயக் குறி இருந்தாலே அந்தத் தகடு பெரும்பாலும் மருது சகோதரர்கள் காலத்தை ஒட்டியது. சில தகடுகளில் செய்தவர் பெயரும் வருடமும்கூட இருக்கும். நம் வீட்டு இரும்பில் அது என்ன வருடமோ, அதை என் கையே அழித்துவிட்டது.

நம் கரைக்கும் துப்பாக்கிக்கும் உறவு பழையது. 1538ல் வேதாளைக் கடலோரத்தில் போர்ச்சுகீசியர்கள் கோழிக்கோட்டு மரக்காயர் படையோடு மோதினார்கள். 1772 ஜூனில் கம்பெனித் தளபதி ஜோசப் ஸ்மித் தலைமையில் வந்த படை ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதே வருடம் டிசம்பரில் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்து அறிவிப்பு போட்டார்கள். அன்றைக்கு ஊர் ஊராகப் பிடுங்கியதில் நம்மவர்கள் கையில் மிஞ்சியது கொஞ்சம்தான்.

அதனால் யாராவது "இது மருது காலத்துத் துப்பாக்கி" என்று விலை சொன்னால் நிதானமாகப் பாருங்கள். அந்தக் காலத்துக் கம்பெனிச் சிப்பாய் தூக்கியது சக்கிமுக்கிக் கல் வைத்துச் சுடும் துப்பாக்கி. குழல் 39 அங்குலம், துளை முக்கால் அங்குலம், எடை நாலரைக் கிலோ அளவுக்கு வரும். விசையை இழுத்தால் பாய்ந்து அடிக்கும் சுத்தி மாதிரிப் பாகத்தைக் குதிரை என்போம்; அதன் வாயில் கல்லைக் கவ்வ இடம் இருக்கும். கல்லுக்குப் பதில், அடித்தால் வெடிக்கும் சின்ன உலோக மூடியான கேப் வைத்துச் சுடும் முறை ஆங்கிலப் படைக்கு வந்ததே 1830களின் இறுதியில்தான். கேப் பொருத்தும் முளை இருந்தால் அது 1801 துப்பாக்கி இல்லை. அல்லது பின்னாளில் மாற்றிக் கட்டியது. மாற்றியிருந்தால் பழைய திருகு ஓட்டைகளை அடைத்த தடம் தகட்டில் தெரியும்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலப் படையின் 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிளின் குழலுக்குள் சுருள் வரி ஓடும். 1857 எழுச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று தனியாக ஒன்று செய்தார்கள். வெளியே பார்த்தால் அதே என்ஃபீல்டு. உள்ளே வரியே கிடையாது, வழவழவென்று இருக்கும். வரி இல்லாவிட்டால் குறி தூரம் குறையும். ஆண்ட வெள்ளைக்காரனுக்குத் தன் சிப்பாய்மேல் இருந்த பயம் அந்தக் குழலுக்குள் அப்படியே இருக்கிறது.

ஆனால் குழலுக்குள் பார்க்குமுன் ஒரு காரியம். வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில், தாத்தா போட்ட மருந்தும் ரவையும் நூறு வருடமானாலும் அப்படியே கிடக்கலாம். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் இன்றைக்கும் வெடிக்கும். குழல் வாய்க்கு நேரே முகமோ கையோ போகக் கூடாது. விசையைத் தொடக் கூடாது. பக்கவாட்டில் நின்று ஒரு மெல்லிய மரக்குச்சியை மெதுவாக உள்ளே விடுங்கள். முட்டியதும் குழல் வாயருகே குச்சியில் கோடு போடுங்கள். வெளியே எடுத்து, அந்தக் கோடு குழல் வாய்க்கு நேராக வரும்படி குழலின் மேல் வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, தீ போகும் சிறு துளை வரை எட்ட வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதை நோண்டாதீர்கள். வைத்த இடத்தில் வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. பழசு என்பதாலேயே உரிமம் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு. அது சுடுமா சுடாதா என்று முடிவு செய்வது நாம் இல்லை. படத்தோடு கலெக்டர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். உரிமம் இருந்தாலும் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு 2 துப்பாக்கிதான். பட்டாளத்து .303 ரைஃபிள் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். நூறு வருடம் கடந்த பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் வரும். சிங்கப்பூரில் இருக்கும் மச்சானுக்குப் பரிசாக அனுப்ப முடியாது.

இனி நம் ஊர்க் காற்று. கையில் இருக்கும் வியர்வை உப்பே இரும்பில் ரேகையைப் பதித்துவிடும். கடல் காற்றைக் கேட்கவே வேண்டாம். பருத்தி உறை போட்டுக்கொண்டு தொடுங்கள். அழுத்தமாகப் படிந்த பழுப்பு அதன் வயசு, அது இருக்கட்டும். விரலில் ஒட்டும் ஆரஞ்சுத் தூள்தான் நோய். அதற்கு லேசாக எண்ணெய் தொட்ட மெல்லிய துணி, பொறுமை, அவ்வளவுதான். தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் பதனிடும் மருந்தும் அது இழுக்கும் ஈரமும் சேர்ந்து இரும்பைத் தின்னும். கடல் பார்த்த சன்னல் பக்கமும் வேண்டாம்.

கண்ணைப் பழக்க, நம் அரண்மனை ராமலிங்க விலாசத்துக்குப் போய், எறிந்து தாக்கும் வளைந்த ஆயுதமான வளரியைப் பாருங்கள். சென்னை போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் அரை நாள் நில்லுங்கள். தஞ்சை அரண்மனைப் படைக்கலங்கள் அங்கே இருக்கின்றன.

அப்புறம், உங்கள் வீட்டுப் பரணில் எதுவும் இருந்தால் அடுத்த கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். தகட்டைப் பக்கத்தில் வைத்து, சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி ஒரு படம் எடுங்கள். அது யார் வழியாக வந்தது என்று வீட்டில் அப்பத்தாவிடம், நன்னியிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். நான் பூதக்கண்ணாடியோடு வருகிறேன்.