கட்டளையைப் படிப்பவர் யாரும் இல்லை

மாணவ நண்பர்களே,

கணினி இயங்கும் விதத்தைச் சொல்லும் அறிமுக நூல் ஒன்றைப் படித்து முடித்த மாணவர் எழுதக்கூடிய குறிப்பு இது: "இரும எண்கள் புரிந்தன. லாஜிக் கேட் புரிந்தது. ஆனால் ‘கூட்டு’ என்றால் கூட்ட வேண்டும் என்பது கணினிக்கு எப்படித் தெரிகிறது? உள்ளே அதைப் படிப்பது யார்?"

சரியான இடத்தில்தான் அவர் நின்றிருக்கிறார். இருமத்தை ஒரே மாலையில் கற்றுவிடலாம். அதற்கு நூல்கள் தரும் பக்கங்கள் அதிகம் என்பேன். சிக்கல், கணினிச் சில்லின் அடிப்படை உறுப்பான டிரான்சிஸ்டரைச் சுவிட்ச் என்று சொல்லும் உவமையில் தொடங்குகிறது. வீட்டுச் சுவிட்சைப் போட ஒரு கை வேண்டும். டிரான்சிஸ்டருக்குக் கை வேண்டாம். ஒன்றின் வெளியீடே அடுத்ததைப் போடும், அணைக்கும். நான்கு டிரான்சிஸ்டர்கள் சேர்ந்தால் ஒரு நாண்ட் கேட்: உள்ளீடுகள் இரண்டும் 1 ஆனால் மட்டும் 0 தரும் சுற்று. ஒன்பது நாண்ட் கேட்டுகள் சேர்ந்தால் மூன்று பிட்டுகளை, அதாவது 0 அல்லது 1 ஆன இலக்கங்களை, கூட்டும் முழுக்கூட்டி. அதில் எட்டை வரிசையாகக் கோத்தால் இரண்டு பைட்டுகளை, அதாவது எட்டு பிட் எண்களை, கூட்டலாம். இத்தகைய சுற்றுகளுக்குப் உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளைக் கையாளும் பூலின் இயற்கணிதம் பொருந்தும் என்று 1937-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் தம் முதுகலை ஆய்வேட்டில் காட்டிவிட்டார்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். காகிதத்தில் ஒரு குட்டிக் கணினி செய்யுங்கள். 0 முதல் 15 வரை எண்ணிட்ட பதினாறு கட்டங்கள்; அதுதான் நினைவகம். பக்கத்தில் அடுத்த கட்டளையின் முகவரியைக் காட்டும் எண்ணி ஒன்று, விடையை வைத்திருக்கும் திரட்டி ஒன்று. கட்டளைக்கு எட்டு பிட்: முதல் நான்கு செயல், பின் நான்கு முகவரி. 0001 எடு (முகவரியில் உள்ளதைத் திரட்டிக்குள்), 0010 கூட்டு (அதைத் திரட்டியோடு), 0011 சேமி (திரட்டியில் உள்ளதை அந்த முகவரியில்), 1111 நிறுத்து, 0000 சும்மா இரு.

கட்டம் 0-இல் 0001 1110. கட்டம் 1-இல் 0010 1111. கட்டம் 2-இல் 0011 1101. கட்டம் 3-இல் 1111 0000. கட்டம் 14-இல் 5, கட்டம் 15-இல் 7, மற்றவற்றில் 0. ஓட்டிப் பார்த்தால் கட்டம் 13-இல் 12 வந்து உட்காரும்.

இதில் 0010-ஐ யாரும் படிக்கவில்லை. அந்த நான்கு பிட்டுகள் நான்கு கம்பிகளாக டிகோடர் என்ற, குறியீட்டைப் பிரித்தறியும் சுற்றுக்குள் போகின்றன. வெளியே வரும் பதினாறு கம்பிகளில் ஒன்றில் மட்டும் மின்னழுத்தம் ஏறும். கூட்டியின் விடையைத் திரட்டிக்குள் விடும் கதவு அந்தக் கம்பியில் கட்டப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான் ‘புரிதல்’.

கதவு எப்போது திறக்கும் என்பதைக் கடிகாரத் துடிப்பு, அதாவது சீரான இடைவெளியில் வரும் மின்துடிப்பு, முடிவு செய்யும். 01111111-உடன் 1 சேர்த்தால், அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் 1 கடைசி பிட்டிலிருந்து முதல் பிட் வரை ஒவ்வொரு கூட்டியாக ஏறிப் போக வேண்டும். அது போய்ச் சேரும்வரை வெளியீட்டில் தெரிவது தவறான எண். அதற்குள் துடிப்பு வந்துவிட்டால் அந்தத் தவறே பதிவாகும். செயலியை, அதாவது கட்டளைகளை ஓட்டும் சில்லை, அளவுக்கு மீறி வேகப்படுத்தினால் கணக்கு பிசகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது கட்டம் 3-இல் உள்ள ‘நிறுத்து’ கட்டளையை அழித்து 0 எழுதுங்கள். கட்டம் 15-இல் 7-க்குப் பதில் 33, அதாவது 0010 0001, வையுங்கள். முதலில் 5, 33 கூடி 38 ஆகிக் கட்டம் 13-இல் சேரும். எண்ணி நிற்காமல் நடந்து கட்டம் 13-ஐ அடையும். அங்கே இருக்கும் 38 இருமத்தில் 0010 0110: "கட்டம் 6-ஐக் கூட்டு". அங்கே 0, ஆகவே பாதிப்பில்லை. கட்டம் 14-இல் 5, சும்மா இரு. கட்டம் 15-இல் 33: "கட்டம் 1-ஐக் கூட்டு". அங்கே இருப்பது கூட்டல் கட்டளை; எண்ணாகப் பார்த்தால் 47. திரட்டியில் 85!

விடையைப் பார்த்ததும் கூட்டலைச் சந்தேகிக்கத் தோன்றும். கூட்டல் சரிதான். தரவும் கட்டளையும் ஒரே நினைவகத்தில் ஒரே உருவில் இருப்பதால் வந்த வினை இது. வெளியிலிருந்து அனுப்பிய தரவையே கட்டளையாக ஓட வைக்கும் தாக்குதல்களுக்கும் இதுதான் வாசல். அதனால்தான் இன்றைய செயலிகளில் நினைவகத்தின் ஒரு பகுதியை ‘இங்கிருப்பதைக் கட்டளையாக ஓட்டாதே’ என்று குறித்து வைக்கத் தனியாக ஒரு பிட் இருக்கிறது.