வேலையை விடாமலே சீருடை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலூர்ப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"நாட்டைக் காக்க விரும்புகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டியது முழுநேர ராணுவமா, பகுதிநேர ராணுவமா?" இதுதான் இன்றைய தலைப்பு. பகுதிநேரத்துக்காகப் பேச வந்திருக்கிறேன். அதுவும் எந்த ஊரில்? தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிவரும் கம்மவான்பேட்டைக்குப் பக்கத்தில்! முன்வரிசையில் பதக்கங்களோடு அமர்ந்திருக்கும் ஐயாக்களை வணங்கிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் சேவையைக் குறைத்து என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது.

எதிரணித் தலைவர் மேஜர் சரவணனைப் பற்றிச் சொன்னார். கார்கில் போரில் படாலிக் மலையில் உயிரைக் கொடுத்த நம் பிள்ளை. மேஜர் முகுந்த் வரதராஜனைச் சொன்னார். நானும் எழுந்து நின்றுதான் கைதட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, யார் பெரிய வீரர் என்பதா இங்கே வழக்கு? படித்து முடித்து, ஒரு வேலையில் அமர்ந்து, வீட்டுக் கடனும் கட்டிக்கொண்டு, மனசுக்குள் இன்னும் அந்தச் சீருடையை நினைத்துக்கொண்டிருக்கிறாரே ஒருவர், அவருக்கு என்ன வழி என்பதுதான் வழக்கு.

முழுநேர ராணுவம் அவருக்கு என்ன பதில் சொல்கிறது? பள்ளி முடித்தவர்கள் சேரும் தேசியப் பாதுகாப்பு அகாடமி என்றால் பத்தொன்பது வயதைத் தாண்டினாலே கஷ்டம். அக்னிவீரர் என்றால் இருபதுகளின் தொடக்கத்திலேயே கதவு சாத்தப்படுகிறது. பட்டம் வாங்கி அதிகாரியாகப் போகலாம் என்றாலும் பெரும்பாலான வழிகள் இருபத்தைந்தை ஒட்டி முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு தேசப்பற்று வந்தால் குற்றமா?

நம்மிடம் டெரிடோரியல் ஆர்மி என்ற பகுதிநேர ராணுவம் இருக்கிறது. பிராந்திய ராணுவம். 1949 அக்டோபர் 9 அன்று அதைத் தொடங்கி வைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல், நம் ராஜாஜி. பதினெட்டிலிருந்து நாற்பத்திரண்டு வயது வரை பட்டதாரி ஒருவர் அதில் அதிகாரியாக விண்ணப்பிக்கலாம். ஒரே ஒரு முக்கிய நிபந்தனை: சொந்தமாகச் சம்பாதித்துக்கொண்டிருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு உண்டு, நேர்காணல் உண்டு, முழுநேர அதிகாரிகளை வடிகட்டுகிற அதே எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரியச் சோதனை உண்டு, மருத்துவப் பரிசோதனையும் உண்டு. தேறியவர் முதல் ஆண்டில் ஒரு மாதம் அடிப்படைப் பயிற்சி பெறுகிறார். பிறகு ஆண்டுதோறும் இரண்டு மாத முகாம். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று மாதப் பயிற்சி ஒன்றும் உண்டு. அது எங்கே தெரியுமா? சென்னை பரங்கிமலையில் உள்ள ஓ.டி.ஏ. என்ற அதிகாரிகள் பயிற்சி அகாடமியில். முழுநேர அதிகாரிகளை உருவாக்கி அனுப்புகிற அதே மைதானம்.

"பிரபலங்களுக்குக் கொடுக்கிற தொப்பிதானே அது" என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். அவர் தோனியை மனத்தில் வைத்துச் சொல்கிறார். சரி, தோனிக்குக் கிடைத்தது கௌரவப் பதவி. அந்தப் பதவியை வைத்துக்கொண்டு 2019இல் காஷ்மீரில் தன் படைப்பிரிவோடு ரோந்துக்கும் காவலுக்கும் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் கௌரவப் பதவி வேறு, தேர்வெழுதி வாங்கும் பதவி வேறு. காங்கிரசின் சச்சின் பைலட்டும் பாஜகவின் அனுராக் தாக்கூரும் மக்கள் பிரதிநிதிகளாக இருந்தபோதே முறைப்படி தேறி அதிகாரிகள் ஆனார்கள். என்னைப் போல வேலைக்குப் போகும் பெண்களுக்கு அந்த வாய்ப்பு வெகுகாலம் இல்லை. அந்தத் தடை செல்லாது என்று 2018 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்து பென்ஷன். "பென்ஷன் இல்லாத பட்டாளத்துக்கு எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்?" என்று கேட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன், பிராந்திய ராணுவத்தில் சேர்ந்தாலே பென்ஷன் உறுதி என்று கிடையாது. அதைப் பிழைப்பாக நினைத்து வராதீர்கள் என்று அவர்களே சொல்லித்தான் எடுக்கிறார்கள். ஆனால் முழுநேரத்தில் எல்லோருக்கும் பென்ஷன் இருக்கிறதா? அக்னிவீரர்களில் நான்கு ஆண்டு முடிந்ததும் அதிகபட்சம் நான்கில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்கள். மற்ற மூன்று பேரும் சேவா நிதி என்ற மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு, இருபதுகளிலேயே அடுத்த வேலை தேட வேண்டும். குறுகிய காலப் பணியில் அதிகாரியாகச் சேருகிறவர் பத்து ஆண்டு, நீட்டித்தால் பதினான்கு ஆண்டு உழைத்துவிட்டுப் பென்ஷன் இல்லாமல்தான் வெளியே வருகிறார்.

நம் ஊர் வங்கி வாசல்களைப் பாருங்கள். தேய்த்து மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் ஷூ, தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி. பனிமலையில் எல்லை காத்தவர், டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். அவர் மனம் கோணாமல் நிற்கிறார், எனக்குத்தான் நெஞ்சு அடைக்கிறது. பிராந்திய ராணுவத்தில் இருப்பவருக்கு அந்த நிலை வராது. முகாம் முடிந்ததும் அவருடைய நாற்காலி அவருக்காகக் காத்திருக்கிறது. அழைப்பின் பேரில் போனவரைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பணியில் இருக்கும் காலத்துக்கு முழுநேர அதிகாரிக்கு உள்ள அதே சம்பளமும் உண்டு.

"இரண்டு மாதப் பயிற்சியை வைத்துக்கொண்டு சியாச்சினைக் காப்பீர்களா?" இது அவர்களுடைய பெரிய அஸ்திரம். நேராகப் பதில் சொல்கிறேன். முழுநேர ராணுவம் இல்லாமல் எல்லை நிற்காது. ஆனால் பகுதிநேரக்காரர் நிழலிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தால் அது தவறு. 1962, 1965, 1971 மூன்று போர்களிலும் பிராந்திய ராணுவம் களத்தில் நின்றிருக்கிறது. 2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நேரம் நினைவிருக்கிறதா? பிராந்திய ராணுவத்தை அழைத்துக்கொள்ளத் தரைப்படைத் தளபதிக்கு அரசு அதிகாரம் கொடுத்தது. அதன் 32 காலாட்படைப் பிரிவுகளில் 14 பிரிவுகளைப் பணியில் இறக்கவும் அனுமதி வந்தது. அப்படியோர் ஆணை வந்தால், காலையில் கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருந்த வக்கீல் கேஸ் கட்டை ஜூனியரிடம் கொடுத்துவிட்டுப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

2022 ஜூன் 30, மணிப்பூர் நோனி மாவட்டம். மலையைக் குடைந்து ரயில்பாதை போடும் இடம். அந்தப் பணிக்குக் காவலாக இருந்தது 107வது பிராந்தியப் படை. இரவில் மலை சரிந்து முகாமை அப்படியே மூடியது. மண்ணுக்குள் புதைந்தவர்களில் பலர் அந்தப் படைவீரர்கள். நீ பகுதிநேரமா, முழுநேரமா என்று அந்த மண் அவர்களைக் கேட்கவில்லை நடுவர் அவர்களே.

2024 ஜூலை 30, வயநாடு. சூரல்மலையிலும் முண்டக்கையிலும் ஊரே மண்ணோடு போன அன்றைக்கே கோழிக்கோட்டிலிருந்து வந்து சேற்றில் இறங்கியவர்கள் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டைச் சேர்ந்த 122வது பிராந்தியப் படையினர். 190 அடி பெய்லி பாலத்தைக் கட்டியது முழுநேர ராணுவப் பொறியாளர்கள், அந்தப் பெருமை அவர்களுக்கே. ஆனால் பாலம் வருவதற்கு முன்பே மனிதர்களைக் கயிற்றில் கட்டி ஆற்றைக் கடத்த வேண்டியிருந்ததே, அந்த நேரத்தில் களத்தில் நின்ற கைகளில் இவர்களுடைய கைகளும் இருந்தன.

எதிரணிக்கு ஒன்று சொல்லி அமர்கிறேன். முசோரி மலைகளைச் சுண்ணாம்புக்கல் குவாரிகள் மொட்டையடித்து வைத்திருந்தபோது, மறுபடி மரம் வளர்க்க 1982இல் ஒரு சுற்றுச்சூழல் படையை உருவாக்கினார்கள். அதில் சேர்ந்தவர்கள் யார்? நீங்கள் போற்றும் முழுநேர ராணுவத்தில் ஓய்வு பெற்றவர்கள். அவர்களைத் திரும்பச் சீருடையில் நிறுத்தியது எங்கள் பிராந்திய ராணுவம்தான்.

இந்த அரங்கில் முப்பதைத் தாண்டியவர்கள், "நமக்கு வயசாயிடுச்சு" என்று நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். கோவையில் 110வது பிராந்தியப் படை இருக்கிறது. அடுத்த அறிவிப்பு வரும்போது உங்கள் வயதை நீங்களே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தீர்ப்பை நடுவர் அவர்களிடம் விட்டுவிடுகிறேன். நன்றி, வணக்கம்.