பழைய இதழ்கள் 47, ஜாக்கெட் கை ஒன்று

வணக்கம். பின்னால் கடகடவென்று கேட்பது பக்கத்து வீட்டு கிரைண்டர். அது நிற்கட்டும் என்று காத்திருந்தால் எனக்கு இருக்கும் உற்சாகம் ஆறிவிடும். அதோடு சேர்த்தே கேளுங்கள்.

ஜாக்கெட்டில் கை வந்து சேரும் கைக்குழியை வெட்டும் பாடத்தின் இரண்டாம் பகுதி இன்று வரும் என்று சொல்லியிருந்தேன். வராது. மேசையைப் பாருங்கள், துணி விரிக்க இடம் இருக்கிறதா? இந்தப் பக்கம் குமுதம், அந்தப் பக்கம் விகடன், நடுவில் கல்கியும் மங்கையர் மலரும், கீழே அட்டை கிழிந்து பெயர் தெரியாமல் போன நான்கு. மொத்தம் 47. எல்லாம் பழைய பேப்பர் கடையிலிருந்து வந்தவை. தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், அந்த மாதிரிக் கடையைத் தாண்டிப் போகிற ஆள் இல்லை நான். அதனாலேயே என் வீட்டுக்காரர் அந்தத் தெருவுக்குள் வண்டியைத் திருப்ப மாட்டார்.

போன வியாழக்கிழமை எங்கள் தருமபுரியில் பென்னாகரம் ரோட்டுக்கு நூல்கண்டு வாங்கப் போனேன். கேட்ட நிறம் இல்லை. வெறுங்கையோடு திரும்பும்போது கடை வாசலில் இந்தக் கட்டு கிடந்தது. மேலே இருந்த அட்டையில் ஒரு பெண் முகம், பெரிய கண்கள். அவ்வளவுதான், கால் நின்றுவிட்டது.

“அண்ணா, இது என்ன விலை?”

“கிலோ நாற்பது, தங்கச்சி.”

நாற்பதா! அவர் வீடு வீடாக எடுப்பது கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கு. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? போன மாதம் நானேதான் அவருக்குப் போட்டேன். கேட்டால், “அது பேப்பர் விலை, இது புத்தக விலை” என்றார். முப்பது என்றேன். அவர் கட்டைத் தூக்கி உள்ளே வைத்தார். முப்பத்தைந்து என்றேன். வெளியே எடுத்தார். தராசில் ஆறு கிலோ முந்நூறு காட்டியது. 220 ரூபாய் 50 காசு. ஐம்பது காசைப் பெரிய மனதோடு தள்ளுபடி செய்தார்.

வீட்டுக்கு வந்து என் தராசில் வைத்தால் ஐந்து கிலோ தொள்ளாயிரம்! நானூறு கிராம் எங்கே போனது? சொல்ல மறந்துவிட்டேன், அவர் எடை போட்டது சாக்கோடும் கயிற்றோடும், அடியில் மடித்து வைத்த ஒரு அட்டைப்பெட்டியோடும். நான் துணிப்பை கொண்டுபோயிருந்ததால் சாக்கையும் அட்டையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அதாவது 14 ரூபாய் கொடுத்து அவருடைய சாக்கையே அவருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாளாக இதை நினைத்துத் தூக்கம் வரவில்லை. சிரிக்காதீர்கள். பதினான்கு ரூபாய்க்கு மூன்று இதழ் வரும்.

எடைக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். மினுமினுக்கும் தாள் கனக்கும். அதன் மேல் வெண்களிமண், சுண்ணாம்பு மாதிரிப் பூச்சு உண்டு. படம் பளிச்சென்று விழுவது அதனால்தான். கிலோ கணக்கில் வாங்கினால் அந்தக் களிமண்ணுக்கும் சேர்த்துக் காசு. களிக்குப் பேர்போன ஊர்க்காரி தாளிலும் களிக்குப் பணம் கட்டுவதா? வழவழப்பான நான்கைந்தை எடைக்கு முன்பே உருவி ஓரமாக வைத்துவிட்டேன். எல்லாம் நகை விளம்பரம், போகட்டும். எனக்குப் பிடித்தது மங்கலான சாதாரணத் தாள்தான். மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகும். ஓரம் டீயில் நனைத்தது மாதிரி, நடுவில் வெளுப்பு. அந்த நிறத்தில் ஒரு துணி கிடைத்தால் மறுபேச்சில்லாமல் வாங்குவேன்.

கல்கியைக் கையில் எடுத்ததும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. 1941இல் தொடங்கிய பத்திரிகை. 2020 ஊரடங்கோடு அச்சில் வருவது நின்றது, மங்கையர் மலரும் அப்படியே. இணையத்தில் வருகிறதே என்பீர்கள். வரட்டும். தயிர்ச் சாதக் கிண்ணத்தை அதன் மேல் வைக்க முடியுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த இதழில் வங்கிக் கொள்ளை பற்றி ஒரு சிறுகதை. கதை சுமார்தான், திருடன் யார் என்று இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிட்டது. படம் ஓவியர் மாருதி வரைந்தது. புதுக்கோட்டையில் பிறந்தவர், 2023இல் மறைந்தார். அவர் வரைந்த பெண் முகங்களை எங்கே கண்டாலும் அடையாளம் தெரியும், கண்ணிலேயே ஈரம் இருக்கும். எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள், நான் கையைப் பார்த்தேன். கேமராவை அருகில் கொண்டுவருகிறேன், பாருங்கள். முழங்கைக்கு இரண்டு விரல்கடை மேலே வரை ஒட்டிய கை. அதற்குப் பிறகு ஐந்து மடிப்பு, ஐந்தும் பின்பக்கம் பார்த்தவை. ஓரத்தில் மெல்லிய பைப்பிங், அதாவது மடித்துத் தைத்த துணிப்பட்டி. கதைப்படி அந்தப் பெண் வங்கிக் காசாளர், பயத்தில் கையைத் தூக்கி நிற்கிறாள். கையைத் தூக்கியதால்தான் மடிப்பு எப்படி விழுகிறது என்று எனக்குத் தெரிகிறது. கொள்ளைக்காரனுக்கு நன்றி!

என் அண்ணன் மகள் சொல்கிறாள், “அத்தை, போனில் தேடினால் ஆயிரம் டிசைன் வருமே.” வரும். ஜாக்கெட் கை என்று கேட்டால் ஜாக்கெட் கையாகவே வரும், முதல் இருபதும் ஒரே அச்சு. நான் கேட்டதைத்தான் அது கொடுக்கிறது. எனக்கு வேண்டியது என்ன என்று எனக்கே தெரியாத நாளில் அதனிடம் எதைக் கேட்பது? அன்று மதியம் நான் தேடியது கையை அல்ல, திருடனை. கை தானாக வந்தது. சுண்டல் செய்முறைக்குப் பக்கத்தில் கோலம், கோலத்துக்கு அடுத்து தபால்தலை சேர்க்கும் ஒருவரின் பேட்டி என்று யாரோ அடுக்கி வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்னைத் தெரியாது. எனக்குப் பிடிப்பது அதுதான். என் தையல் கடையின் பாதி டிசைன் இப்படி வந்தவை. பச்சைக் கரைக்கு ஆரஞ்சு நூல் போட்டேனே, நிறைய பேர் கேட்டீர்களே, அது ஒரு ஊறுகாய் விளம்பரம்.

இது என் அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். அம்மா கல்யாணமான புதிதில் ஒரு தொடர்கதைப் படத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு தையற்காரரிடம் போயிருக்கிறார். அவர் படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். “இதைத் தைத்துவிடலாம் அம்மா, ஆனால் படத்தில் இருப்பவருக்கு மூச்சு விட வேண்டியதில்லை, உங்களுக்கு வேண்டுமே” என்றாராம். அம்மா இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை.

அடுத்தது நிறம். படத்தில் அந்தச் சேலை நாவற்பழ நிறம். ஊசியில் நூல் கோக்க ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன் அல்லவா, அதை மேலே வைத்துப் பார்த்தேன். நாவற்பழ நிறம் எங்கேயும் இல்லை! ரோஜா நிறப் புள்ளி, நீலப் புள்ளி, இடையில் வெள்ளைத் தாள். அச்சில் இருப்பது நான்கே மைதான்: நீலம், ரோஜா, மஞ்சள், கறுப்பு. தள்ளி வைத்துப் பார்க்கும்போது கண் அவற்றைக் கலந்துகொள்கிறது. உடனே எனக்கு மயில்கழுத்துப் பட்டு நினைவுக்கு வந்தது. பாவு என்கிற நீள நூல் ஒரு நிறம், ஊடை என்கிற குறுக்கு நூல் ஒரு நிறம், தூரத்தில் மூன்றாவதாக ஒன்று தெரியும். பட்டுக்கூடு அங்காடி இருக்கும் ஊரிலேயே பிறந்து வளர்ந்து, பட்டு ஜாக்கெட்டாகத் தைத்துத் தள்ளுகிறேன், இது உறைக்க ஒரு பழைய வார இதழ் வேண்டியிருந்தது. இனி இரட்டை நிறப் பட்டு வந்தால் பைப்பிங்குக்கு ஊடையின் நிறத்தை எடுக்கப்போகிறேன். இதுவரை கரைக்குப் பொருத்தமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அது தவறு என்று சொல்லவில்லை. தவறுதான்.

இப்போது என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். படம் 23ஆம் பக்கம். சிவப்புக் கத்தரிக்கோலை எடுத்து நடு மடிப்பை ஒட்டி அழகாக வெட்டினேன். வெட்டி முடித்துப் புத்தகத்தைத் தூக்கினால் பின்பாதியிலிருந்து ஒரு தாள் தரையில் விழுகிறது. 41ஆம் பக்கம்! நடுவில் இரண்டு கம்பிப் பின் அடித்த இதழ்களில் ஒவ்வொரு தாளும் மடித்த முழுத்தாளின் பாதி. அட்டை நீங்கலாக இதில் 64 பக்கம். 23, 24 இருக்கும் தாளின் மறுபாதிதான் 41, 42. இதை வெட்டினால் அதற்குப் பிடிமானம் போய்விடும். பாவாடைக்கு நாடா உருவியது மாதிரி. வெட்டுவதானால் மடிப்பிலிருந்து ஒரு விரல்கடை விட்டு வெட்டுங்கள். இல்லையென்றால் பின்னை நிமிர்த்தி முழுத்தாளாக எடுங்கள். நான் மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன், பூச்சி வராமல் இருக்கச் சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்து. அது விஷம். பசை காய்ச்சிய பாத்திரம் இனிமேல் அடுப்படிக்கு வரக்கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் துத்தமே வேண்டாம்.

பத்திரிகை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பாப்பாரப்பட்டி வீடியோவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா நினைவிடத்தைக் காட்டினேன், 1925 ஜூலை 23இல் அங்கே காலமானார் என்று சொன்னேன். அவர் ஒரு பத்திரிகைக்காரர் என்பதைச் சொல்லவே இல்லை. 1912இல் சிறையிலிருந்து வெளியே வந்தவர், 1913இல் ‘ஞானபாநு’ என்று ஒரு மாத இதழ் தொடங்கினார். பாரதியார் அதில் எழுதியிருக்கிறார். அன்றைக்கு ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கையால் கோத்துத்தான் ஒரு பக்கம் உருவாகும். இதை விட்டுவிட்டு அந்த வீடியோவில் நான் மூன்று நிமிடம் போண்டாவைப் பற்றிப் பேசியிருக்கிறேன். நல்ல போண்டாதான், இருந்தாலும்.

கடைசியாக என் தலைவலி. கீழே விழுந்த 41ஆம் பக்கத்தில் ஒரு தொடர்கதை. ஒட்டுவதற்கு முன் படித்தேன், படித்திருக்கக் கூடாது. அது எட்டாவது பகுதி. கட்டைக் கலைத்துத் தேடினேன். ஐந்து இருக்கிறது, ஆறு இருக்கிறது, ஏழு இல்லை. ஆறின் முடிவில் மாமியார் பெட்டியைத் திறக்கிறார், தொடரும். எட்டில் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. பெட்டியில் என்னதான் இருந்தது? அந்தக் காலத்தில் வாராவாரம் பக்கங்களை எடுத்து வைத்து, கதை முடிந்ததும் பைண்டு செய்து கொள்வார்கள். எங்கள் வீட்டில்கூட அப்படி இரண்டு இருந்தன, சித்தி வாங்கிப் போனார், திரும்பவில்லை. சித்தி, நீங்கள் இதைப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஏழாம் பகுதி அந்தக் கடையிலேயே வேறு கட்டில் இருக்கலாம், அல்லது இந்நேரம் யாருக்காவது வேர்க்கடலைப் பொட்டலமாகப் போயிருக்கலாம். நாளை காலை முதல் வேலை அங்கே போவதுதான். அந்த மடிப்புக் கையை வெள்ளிக்கிழமைக்குள் ஒருவருக்குத் தைத்துத் தர வேண்டும், தைத்ததும் காட்டுகிறேன், கைக்குழிப் பாடமும் அதோடு வரும். கிரைண்டரும் நின்றுவிட்டது. நாளைக்குத் தராசை எடுத்துக்கொண்டு போகிறேன்.