சர்வீஸுக்குப் போய் வந்த லேப்டாப் ஹேங் ஆனது ஏன்? கண்டுபிடித்துவிட்டேன்!

வணக்கம் மக்களே. மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடை வீடியோ எங்கே, எங்கே என்று இரண்டு வாரமாகக் கேட்கிறீர்கள். ஷூட்டிங் முடிந்து பாதி எடிட்டும் ஆகிவிட்டது, ஆனால் லேப்டாப் என்னை வேலை பார்க்கவே விடவில்லை. இன்றைக்கு அந்தக் கதைதான். நேற்று ராத்திரி ஒன்றே முக்காலுக்குத்தான் ஒரு முடிவுக்கு வந்தது, அதன் பிறகு தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

போன சில வீடியோக்களில் பின்னால் ஏதோ இரைச்சல், மிக்ஸி ஓடுகிறதா என்று கேட்டிருந்தீர்களே, அது மிக்ஸி இல்லை, இந்த லேப்டாப்பின் ஃபேன். நாலு வருஷத் தூசி. எங்கள் ஏரியாவில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். ஃபேன் க்ளீனிங், புது தெர்மல் பேஸ்ட் (ப்ராஸஸரின் சூட்டை வெளியே கடத்தத் தடவும் பசை), எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய். சத்தம் சுத்தமாகப் போய்விட்டது, அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து எடிட்டைத் திறந்த இருபதாவது நிமிஷம் அப்படியே நின்றுவிட்டது, அம்புக்குறிகூட நகரவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துத் திரும்பப் போட்டால், அரை மணி நேரத்தில் ப்ளூ ஸ்கிரீன். அம்மா எட்டிப் பார்த்து, "ரிப்பேர் பண்ணி வந்த அன்னிக்கேவாடி?" என்றார்.

கடைக்கு ஃபோன் செய்தேன். "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும் மேடம். ஃபார்மெட் போட்டுடலாம், 800 ஆகும். டேட்டா பேக்கப் வேணும்னா தனியா 500." எனக்கு இந்த ஃபார்மெட் பதில் அறவே பிடிக்காது. கொடுக்கும் நாள் காலை வரை இதே விண்டோஸில்தான் வேலை பார்த்தேன். அங்கே மேஜையில் வைத்துத் திருகியது ஃபேனை, விண்டோஸை இல்லை.

விண்டோஸிலேயே ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது, ஸ்டார்ட்டில் தேடினாலே வரும். ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண் போட்டு நாள்வாரியாகக் கோடு வரைந்து காட்டும். என் லேப்டாப்பில் கோடு பத்தை ஒட்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது, சர்வீஸ் முடிந்து வந்த நாளிலிருந்து சரசரவென்று கீழே, தினமும் சிவப்புக் குறி. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மெஷினில் நடந்ததை விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று வரிசையாக இருந்தது. 'பவர்' என்று பார்த்ததும் சார்ஜரையும் பேட்டரியையும் மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் மெஷின் நின்றுபோனது என்பதைத்தான் அது சொல்கிறது, ஏன் நின்றது என்பதைச் சொல்லாது. நான்தானே பட்டனை அழுத்தி அழுத்தி அணைத்தேன், வராமல் என்ன செய்யும்?

ஆ, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். ப்ளூ ஸ்கிரீன் வந்தால் உடனே ஃபோனில் ஒரு படம் எடுங்கள், கீழே இருக்கும் ஸ்டாப் கோட் முக்கியம். எனக்கு ஒரு தடவை மெமரி மேனேஜ்மென்ட், அடுத்த தடவை பேஜ் ஃபால்ட், மூன்றாவது தடவை இன்னொன்று. இப்படித் தடவைக்கு ஒன்று மாறி மாறி வந்தால் ரேம் (ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) மேல் ஒரு கண் வைக்க வேண்டும்.

சூடா என்றும் பார்த்தேன். எக்ஸ்போர்ட் ஓடும்போதே 78 டிகிரிதான், சர்வீஸுக்கு முன்னால் 97 வரை போகும். பேஸ்ட்டை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். அதோடு சும்மா இருக்கும்போதும் ஹேங் ஆகிறது, அது சூட்டின் குணம் இல்லை. அப்புறம் பென் டிரைவில் உபுண்டுவை (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஓ.எஸ்.) போட்டு, விண்டோஸைத் தொடாமல் அதிலிருந்தே பூட் செய்தேன். அதுவும் உறைந்தது! எனக்கு உயிரே வந்தது. விண்டோஸே ஓடாதபோதும் உறைகிறது என்றால் ஃபார்மெட் போட்டு என்ன பிரயோஜனம்? 1,300 ரூபாய் மிச்சம்.

அடுத்தது ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86. இதுவும் பென் டிரைவிலிருந்து ஓடும், இலவசம். ஐந்தே நிமிஷத்தில் எரர், எரர் என்று சிவப்பாக ஏறத் தொடங்கியது.

திறந்துவிட்டேன். அடிமூடியில் ஒன்பது ஸ்க்ரூ இருக்க வேண்டும், எட்டுதான் இருந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மூடியை எடுத்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள், அதற்கு முன்னால் எதையும் தொட வேண்டாம். இரண்டு 8 ஜிபி ரேம். ஒன்றின் ஸ்டிக்கர் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, கோடுகோடாக அப்படியே பதிந்திருக்கிறது. தெர்மல் பேஸ்ட்! "ரேமைத் தொடவே இல்ல மேடம்" என்று கடையில் சொன்னார்கள். அந்த ரேமின் இடது பக்கக் க்ளிப் பாதிதான் மூடியிருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால், ஸ்லாட்டுக்குள் செருகும் விளிம்பில் இருக்கும் தங்கப் பற்களில் ஓரமாக நாலைந்தின் மேல் அதே சாம்பல் தீற்றல்.

ரப்பர் வைத்துத் தேய் என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தங்கப் பூச்சு ரொம்ப மெல்லிசு, ரப்பர் துகள் வேறு ஸ்லாட்டுக்குள் போய் உட்காரும். கேமரா துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்தேன், நன்றாகக் காயவிட்டேன். போடும்போது சாய்வாகச் செருக வேண்டும், பற்கள் கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே மறைகிற வரைக்கும். பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் 'டக்' என்று க்ளிப் பிடிக்கும். இரண்டு 'டக்'கும் கேட்க வேண்டும்.

முதலில் ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே போட்டுப் பார்த்தேன், இரண்டுமே நல்லது. பிறகு இரண்டையும் போட்டு நேற்று சாயங்காலம் ஏழரைக்கு மெம்டெஸ்ட், நாலு சுற்று. ஒன்றே முக்காலுக்கு முடிந்தது. எரர் பூஜ்யம். அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

இப்போது அந்த ஒன்பதாவது ஸ்க்ரூ. ஸ்கிரீன் மடங்கும் ஹிஞ்ச் பக்கத்து மூலையில் அது இல்லாமல் லேப்டாப்பைத் திறந்து மூடும்போதெல்லாம் 'கிரிக்'. இன்று காலை மெட்ரோவில் கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கி நேரே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட். முதல் கடையில் செட்டாகத்தான், 250. இரண்டாவது கடையில் 180. எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஸ்க்ரூ! அதுவும் நீளம் சரியாக இருக்க வேண்டும், நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் மேல்பக்கம் புடைத்துக்கொள்ளும். நரசிங்கபுரம் தெரு வரை ஆறு கடை ஏறி இறங்கினேன். ஏழாவதாக ஒரு பெரியவர், முன்னால் ஒரு பழைய பாட்டில் நிறைய கழற்றிப் போட்ட ஸ்க்ரூ. நான் கொண்டுபோன மாதிரியை நகத்தில் வைத்துப் பார்த்தார், பாட்டிலைக் காகிதத்தில் கவிழ்த்தார், மூன்றாவதாக எடுத்ததே சரியாக இருந்தது. ஐந்து ரூபாய். ஃபோனை எடுத்தேன். "அஞ்சு ரூபாய்க்கு எதுக்குமா ஜிபே, சில்லறை இருந்தா குடு, இல்லன்னா அப்புறமா வந்து குடு" என்றார். பையைத் துழாவி ஐந்து ரூபாய் நாணயத்தையே கொடுத்துவிட்டேன். மூர் மார்க்கெட் வீடியோவில் ஒரு புத்தகக்காரரைப் பார்க்கப் போகிறீர்கள், அவரும் இதே ரகம்.

சர்வீஸ் கடைக்கு அந்த ரேகைப் படத்தை அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, "புதுப் பையன் மேடம், சாரி" என்று வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்தப் பையனுக்கு ரேம் போடக் கற்றுக்கொடுங்கள், கொடுப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள் என்று மட்டும் எழுதினேன்.

இதோ, எக்ஸ்போர்ட் ஓடுகிறது பாருங்கள், 62 சதவீதம். ராத்திரி எட்டு மணிக்கு மூர் மார்க்கெட்.