குமிழ் எங்கே நிற்க வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

எல்லாரும் உறங்கிய பிறகு பாட்டுக் கேட்க உட்காருகிறீர்கள். வால்யூம் குமிழை மயிரிழை திருப்பினால் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு மயிரிழை திருப்பினால் வீடே விழித்துக்கொள்கிறது. பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கரிலிருந்து 'உஸ்' என்று ஓர் இரைச்சல். ப்ரீஆம்பும் (வால்யூம் குமிழ் உள்ள பெட்டி) பவர் ஆம்பும் (ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி) தனித்தனிப் பெட்டிகளாக வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன தொல்லைகள் இவை. பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. தேவைக்கு மேல் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, இருக்கிறது, அதுவும் தவறான இடத்தில்.

கணக்கைப் பாருங்கள். சி.டி. பிளேயர் முழு அளவில் தருவது சுமார் 2 வோல்ட். 100 வாட் ஆம்ப் ஒன்று 8 ஓம் ஸ்பீக்கருக்குத் தன் முழுத் திறனையும் கொடுக்க 28 வோல்ட் வேண்டும். பல பவர் ஆம்ப்களின் கெயின் 26 முதல் 29 டெசிபல் வரை இருக்கும். 29 டெசிபல் என்றால் ஏறத்தாழ 28 மடங்கு. ஆக, 1 வோல்ட் உள்ளே போனாலே 100 வாட்டும் வெளியே வந்துவிடும். பிளேயரோ 2 வோல்ட் தருகிறது. நடுவில் ப்ரீஆம்ப் தன் பங்குக்கு 10, 15 டெசிபல் சேர்த்தால், குமிழைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டால், அது எட்டு மணியை எப்படித் தாண்டும்?

இசைத்தட்டின் கதை வேறு. ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். அதை ஃபோனோ பகுதி 40 டெசிபல், அதாவது 100 மடங்கு, உயர்த்தியே ஆக வேண்டும். அந்தக் கெயின் வீண் இல்லை.

குமிழ் அடிமட்டத்திலேயே நிற்பதில் இன்னொரு கெடுதலும் உண்டு. சாதாரண வால்யூம் குமிழுக்குள் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனித் தடங்கள். தொடக்கத்தில் இரண்டும் ஒத்துப்போவது அரிது. ஒருமுறை பாடகியின் குரல் நடுவில் நிற்காமல் இடப்பக்கமாகவே ஒதுங்கி நின்றது. ஸ்பீக்கரைச் சந்தேகித்து அதை நகர்த்தினேன், ஒயரை மாற்றினேன். கடைசியில் குமிழைப் பத்து மணிக்கு ஏற்றியதும் குரல் தானாக நடுவுக்கு வந்துவிட்டது.

இரைச்சலுக்கு வருவோம். வால்யூம் குமிழுக்குப் பிறகு ப்ரீஆம்புக்குள் பிறக்கும் இரைச்சலைக் குமிழால் குறைக்க முடியாது. பவர் ஆம்ப் அதையும் 28 மடங்காக்கி, ட்வீட்டருக்கு (கீச்சு ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) அனுப்பிவிடும். அதனால் குறைக்க வேண்டியது பவர் ஆம்பின் கெயினை. 6 டெசிபல் குறைத்தால் அந்த இரைச்சலின் வோல்டேஜ் பாதியாகிவிடும்.

இங்கேதான் பலர் தயங்குகிறார்கள், 'கெயினைக் குறைத்தால் ஆம்பின் வாட் போய்விடுமே' என்று. போகாது. 100 வாட் ஆம்ப் 100 வாட் ஆம்பாகவே இருக்கும். அதை எட்ட உள்ளே கூடுதல் வோல்ட் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதே காரணத்தால், கெயினைக் குறைத்து வைத்தால் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு என்றும் நம்பிவிடாதீர்கள். சிக்னல் பெரிதாக வந்தால் அப்போதும் ஆம்ப் கிளிப் ஆகும் (அலையின் உச்சி வெட்டுப்படும்), ட்வீட்டர் கருகும்.

சரிசெய்யும் விதம் இது. பவர் ஆம்பின் கெயினை அடிமட்டத்தில் வையுங்கள். ப்ரீஆம்பின் வால்யூமை ஒரு மணி நிலைக்குக் கொண்டுவாருங்கள். நல்ல வீச்சுள்ள பதிவு ஒன்றை ஓடவிட்டு, கெயினைப் பொறுமையாக ஏற்றுங்கள். 'இதற்கு மேல் சத்தம் எனக்கு என்றைக்கும் வேண்டாம்' என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு மணிக்கு மேல் மிச்சமிருக்கும் இடம் தாழ்வாகப் பதிவான பாட்டுகளுக்கு உதவும். இரண்டு பக்கத்துக்கும் தனிக் குமிழ் இருந்தால், மோனோ பதிவைப் போட்டு, குரல் நடுவில் நிற்கும்வரை ஒன்றைத் தொட்டுத் தொட்டுத் திருத்துங்கள்.

பிறகு பாட்டை நிறுத்திவிட்டு ட்வீட்டர் அருகே காதைக் கொண்டுபோங்கள். எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே. கெயினை முழுதும் இறக்கியும் அந்த 'உஸ்' அப்படியே இருந்தால் அது பவர் ஆம்பின் சொந்த இரைச்சல். 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் முனகினால் அது எர்த் லூப்பாக (பெட்டிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகிவிடுவது) இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

பவர் ஆம்பில் கெயின் குமிழே இல்லையா? சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் பிளக் ஒரு ஜோடி வாங்கி, பவர் ஆம்பின் உள்ளீட்டில் செருகுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கெயின் குமிழ் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுவிடுங்கள். தூசி துடைக்கும்போது குமிழ் நகர்ந்துவிடும். வணக்கம்.