இறைப்பு மெஷினும் ஒரு சான்றிதழும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அலுவலக வேலைகளுக்கு நடுவிலும் வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, அதிபர்மார்களே, கிராம அலுவலர் அவர்களே, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்து இந்த வெயிலிலும் முன்வரிசையில் இருக்கும் பழைய மாணவர்களே, மதிலோரம் நிற்கும் பெடியன்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பின்னால் தேநீர் போட்டுக்கொண்டிருக்கும் மாதர் சங்கத்து அம்மாமாருக்குத் தனி வணக்கம்.

விவசாயம், கடல், கைத்திறன் என்று மூன்றைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். நான் கடைசியிலிருந்து தொடங்குகிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், இலங்கை அரசு நம் பகுதிக்குப் போட்ட பொருளாதாரத் தடை மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பெட்ரோலைக் கண்ணால் காணமுடியாது, மண்ணெண்ணெய்யையும் அளந்து அளந்துதான் ஊற்றுவோம். ஒருநாள் எங்கள் வெங்காயத் தோட்டத்து இறைப்பு மெஷின் நின்றுவிட்டது. ஐயா அதைச் சைக்கிள் கரியரில் கட்டி உருட்ட, நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்து, சந்தி கராஜுக்குப் போய்ச் சேர்ந்தோம். கராஜ்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றைச் சுற்றி இழுத்துக் காது கொடுத்துக் கேட்டார், பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார், பழைய பிரேக் வயரில் ஒரு இழையைப் பிரித்து, எண்ணெய் வரும் சின்னத் துளையான ஜெட்டைக் குத்தி அடைப்பெடுத்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஒரு கண்மருந்துப் போத்தலை எடுத்தார், அதற்குள் பெட்ரோல்! நாலே துளி. "தம்பி, இப்ப இழு" என்றார். மெஷின் பிடித்தது, உடனே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். பின்னேரமே வெங்காயத்துக்குத் தண்ணீர் போனது.

போர் முடிந்தபின் அதே மனிதர் ஒரு கம்பனிக்கு மெக்கானிக் வேலை கேட்டுப் போனார். சான்றிதழ் கேட்டார்கள், இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கறி சட்டியில் கொதிக்கிறது, ஏடு இல்லை என்று இலையை எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை.

இத்தனைக்கும் வழி இருக்கிறது. தொழில் தெரிந்தவர்களுக்கு நம் நாட்டில் சான்றிதழ் தரும் தேசிய தொழில் தகைமையில் (NVQ) ஏழு மட்டங்கள். முதல் நான்கும் சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். பல வருடம் கைபழகியவர் வகுப்பில் உட்காரத் தேவையில்லை, செய்து காட்டினால் மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறையும் உண்டு. நம் ஊர் மேசன்மாரில், வயரிங் செய்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வெளிநாட்டு உறவுகளிடம் ஒன்று கேட்கிறேன். வளைவு கட்டித் தந்தீர்கள், மண்டபம் கட்டித் தந்தீர்கள், நன்றி மறக்கமாட்டோம். இந்த வருடம் கராஜிலோ பட்டறையிலோ பழகப் போகும் பிள்ளைக்கு பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுங்கள், பழக்குபவருக்கும் ஒரு தொகை கொடுங்கள். இப்போது கூரைக்குக் கூரை சோலார் ஏறுகிறது, பழுதென்றால் வெளியூர் ஆளுக்குக் காத்திருக்கிறோம், கூலியும் அவரோடு பஸ் ஏறிப் போய்விடுகிறது. அதே வேலையை நம் பிள்ளை செய்தால் அந்தக் காசு சந்திக் கடையில் அரிசியாகும், மீனாகும். ஏட்டுச் சுரைக்காயை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் கறி காய்ச்சுவது?

தலைவர் மணியைப் பார்க்கிறார், கடலைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். வாசல் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். பழக்க விரும்புபவர்கள் இடப்பக்கம், பழக விரும்பும் பிள்ளைகள் வலப்பக்கம். தேநீரைக் குடித்துவிட்டுப் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.